கால் எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரையா?

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 61. சத்துணவு அமைப்பாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ஒன்றரை வருடமாக இரண்டு பாதங்களிலும் எரிச்சல். பகலில் ஏதோ வேலையில் ஓடிவிடுகிறது. ராத்திரி படுத்தால் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் காந்துகிறது, போர்வை பட்டாலே சுருக்கென்கிறது. இரண்டு மணிக்கு எழுந்து போய் கொல்லைப்புறச் சிமெண்ட் தரையில் பாதத்தைப் பதித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறதாம். மருத்துவர் "நரம்பு பாதிப்பு" என்று சொல்லி டுலோக்சிடின் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார். வாங்கப் போன இடத்தில் மெடிக்கல் பையன், "இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிறதாச்சே" என்றிருக்கிறான். வீட்டில் கணவர், "காலைக் காட்டப் போனா மண்டைக்கு மாத்திரை குடுத்திருக்காங்க" என்று சிரித்தாராம். ஆறு நாள் சாப்பிட்டார், குமட்டல் வந்தது, நிறுத்திவிட்டார். அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விட்டுப்போயிருக்கிறது. சர்க்கரை பார்ப்பதில்லை. மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 10.2. வாசலில் கோலம் போடுவது நின்றது, கோயிலுக்குப் போவது நின்றது, பேத்தி போன் செய்தால் எடுப்பதில்லை. "எடுத்து என்ன பேசுவது?" என்று எழுதியிருக்கிறார். வலி தாங்காத நாளில் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார், ராத்திரியில் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கிறார். இவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை. முள் குத்தியது தெரியாமல் புண்ணாகிக் காலை எடுத்தார்கள். எட்டு மாதத்தில் போய்விட்டார். "என் காலும் அப்படித்தான் போகப் போகிறது. போகிற காலுக்கு எதற்குப் பத்தியம்?"

கடைசிப் பத்தியில் இரண்டு வரி. "நான் வலி என்று நடிக்கிறேன் என்று டாக்டரும் நினைக்கிறாரா? சில ராத்திரி, தூங்கினவள் எழாமலே போய்விட்டால் யாருக்கும் பாரமில்லை என்று தோன்றுகிறது."

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். எழாமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுவது, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு வலியில் கிடப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை. அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். ஆனால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "போய்விட்டால் தேவலை" என்ற அளவில் அது நிற்கிறதா, "இப்படிச் செய்துகொள்ளலாம்" என்று ஒரு வழியும் மனதில் வந்து போகிறதா? வழி என்று ஒன்று ஒருமுறை வந்திருந்தாலும், இதற்கு மேல் படிப்பதை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணி, யாரை எழுப்புவது என்று தெரியவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை அது. 24 மணி நேரமும் இருக்கிறார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. வழி எதுவும் வரவில்லை, அலுப்புதான் என்றாலும் அந்த வரியை உங்கள் மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தோன்றினால் எனக்கு எழுதிய தாளையே நீட்டுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் நடிக்கவில்லை. உங்கள் மருத்துவரும் அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அந்த மாத்திரையை எழுதியிருக்க மாட்டார்.

வலி எங்கே இருக்கிறது?

உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை போகிறவை. பல வருடம் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஓடினால், நரம்பும் அதற்குச் சோறு போடும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெட ஆரம்பிக்கும். ஊர்க் கடைசி வீட்டுக்குத்தான் முதலில் குழாய்த் தண்ணீர் வராமல் போகும் இல்லையா, அதுபோல நீள நரம்பின் நுனியில்தான் முதல் அடி. அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரலில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மேலே ஏறுகிறது.

கெட்ட நரம்பு இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாது. அதுதான் மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பதுபோன்ற உணர்வு. இன்னொன்று, ஒன்றுமே நடக்காதபோது தானாகக் கத்தும். அதுதான் உங்கள் காந்தல். காலில் நெருப்பு இல்லை, ஆனால் நெருப்பு என்ற செய்தி நிஜமாகவே மூளைக்குப் போகிறது. போர்வை பட்டாலே சுருக்கென்பதும் இதனால்தான். தொடுகை என்று போக வேண்டிய செய்தி வலி என்று போய்ச் சேர்கிறது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனில் இதெல்லாம் தெரியாது. நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனைகூடச் சில சமயம் சரியாக இருக்கிறது என்று வரும். அது பெரிய நரம்பிழைகளைத்தான் அளக்கிறது, எரிச்சலைக் கொண்டுபோவதோ மெல்லிய இழைகள்.

ராத்திரியில் ஏன் கூடுகிறது? குழந்தை முட்டிக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், அழுகை குறைகிறது. தொடுகையும் அழுத்தமும் முதுகுத்தண்டில் வலிக்கான வாசலைக் கொஞ்சம் சாத்திவைக்கும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். விவரங்கள் பிறகு மாறினாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. பகல் முழுக்க நடக்கிறீர்கள், நிற்கிறீர்கள், நாலு பேரோடு பேசுகிறீர்கள். அவ்வளவு சத்தத்தில் வலியின் குரல் அமுங்கிவிடுகிறது. படுத்ததும் வீடு அடங்குகிறது, வலி மட்டும் தனியாகக் கேட்கிறது. நீங்கள் சிமெண்ட் தரையைத் தேடிப் போனது பைத்தியக்காரத்தனம் இல்லை அம்மா. அந்த வாசலைச் சாத்த உங்கள் உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி.

அந்த மாத்திரை

மெடிக்கல் பையன் சொன்னதில் பொய் இல்லை, பாதி உண்மை. டுலோக்சிடின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2004-இல், சில வார இடைவெளியில், மனச்சோர்வுக்கும் சர்க்கரை நரம்பு வலிக்கும் என்று இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி பெற்ற மருந்து அது. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வந்து "போதும், சத்தம் போடாதே" என்று வலியை அடக்கும் நரம்புகள் இருக்கின்றன. அவை பயன்படுத்தும் ரசாயனங்களைத்தான் மனநிலைக்கான நரம்புகளும் பயன்படுத்துகின்றன. ஒரே சாவி இரண்டு பூட்டைத் திறக்கிறது, அவ்வளவுதான். மனச்சோர்வு துளியும் இல்லாதவர்களுக்கும் இந்த மருந்து நரம்பு வலியைக் குறைக்கிறது. இதே வலிக்கு எழுதப்படும் பிரிகாபலின் வலிப்புக்கும் தரப்படுகிற மருந்து. அதை உங்களுக்கு எழுதியிருந்தால், "எனக்கு வலிப்பு என்கிறாரா டாக்டர்?" என்று கேட்டிருப்பீர்களா?

ஆறு நாளில் ஒரு முடிவுக்கு வர முடியாது. இரண்டு வாரம் போல ஆகும் பலன் தெரிய. சரியான அளவில் ஒன்றிரண்டு மாதம் பார்த்துத்தான் இது ஒத்துவருகிறதா என்று சொல்ல முடியும். குமட்டல் பெரும்பாலும் முதல் வாரத் தொல்லை. வெறும் வயிற்றில் போட்டால் அதிகம், சாப்பிட்டபின் போட்டால் குறையும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் கையில். அடிமையாகிவிடுவோமோ என்று பயந்திருக்கிறீர்கள். மதுவுக்கு ஏங்குவதுபோன்ற ஏக்கம் இதில் வராது. ஆனால் பல வாரம் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும், ஆகவே படிப்படியாகத்தான் விட வேண்டும்.

இது ஒத்துவரவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. அமிட்ரிப்டிலின், டுலோக்சிடின், பிரிகாபலின் மூன்றையும் ஒப்பிட்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. எதுவும் எதையும் ஜெயிக்கவில்லை. ஒன்றில் போதிய குணம் தெரியாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது வலி மேலும் குறைந்தது. ஆகவே தேர்வு பெரும்பாலும் பக்கவிளைவைப் பார்த்துத்தான். அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும், ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும். இதயக் கோளாறோ கண் அழுத்தமோ இருந்தால் யோசிக்க வேண்டும். பிரிகாபலினில் மயக்கமும் கால் வீக்கமும் வரலாம். உங்கள் வயதில் ராத்திரி எழுந்து கொல்லைக்குப் போகும்போது தள்ளாடி விழுவதுதான் என் பெரிய கவலை. எந்த மருந்தானாலும் சிறுநீரகச் சோதனையைப் பார்த்துவிட்டுத்தான் அளவு.

முழுக்கப் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: வலி பாதியாகக் குறைந்தால் அதை நாங்கள் நல்ல வெற்றி என்று எண்ணுகிறோம். பாதி என்றால் குறைச்சலாகத் தோன்றும். இரண்டு மணிக்கு எழுந்தவர் ஐந்து மணிவரை தூங்கினால், அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்களாக வாங்கிப் போடும் வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை, நரம்பு வலி அவற்றுக்கு அசைந்து கொடுப்பதில்லை. வருஷக்கணக்கில் சர்க்கரையைச் சுமந்த சிறுநீரகத்தின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றியதுதான் மிச்சம். இன்னொன்று: 14 வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அது சிலருக்கு பி12 சத்தைக் குறைக்கும், அந்தக் குறைவும் இதே மதமதப்பையும் எரிச்சலையும் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பார்க்காமல் வாராவாரம் "நரம்பு ஊசி" போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, மனச்சோர்வு இல்லவே இல்லையா?

இங்கேதான் நான் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். மாத்திரை வலிக்காகக் கொடுத்தது என்று சொல்லிவிட்டேன், நீங்களும் நிம்மதியடைந்திருப்பீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, அதில் மனச்சோர்வும் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது, அறிகுறி என்று சொல்லலாம். ஸ்ட்ரெஸ்ஸையும் டிப்ரஷனையும் தமிழில் நாம் "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். அதனால் நான் மனச்சோர்வு என்றே சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பிடித்த மனிதர்களிடமே பேசத் தோன்றாமல் போவது, நாம் பாரம் என்ற நினைப்பு, இருந்தென்ன என்ற நினைப்பு எல்லாம் அதன் முகங்கள். கோலம் நின்றதற்குக் காலைக் காரணம் சொல்லலாம். பேத்தியின் போனை எடுக்காததற்குக் கால் காரணம் இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்டது. வலியும் சேர்ந்தால் இன்னும் கூடும். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் மனதைக் கீழே தள்ளுகிறது, கீழே போன மனம் மாத்திரைச் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை, சர்க்கரை ஏறுகிறது, நரம்பு இன்னும் கெடுகிறது. நீங்கள் கவனத்தை விட்டது சோம்பலால் அல்ல, "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்களே, அதனாலும் அல்ல. முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கு ஒரு நாள் தவறாமல் எழுதிய கை, தன் மாத்திரைக் கணக்கை எழுத முடியாமல் போகிறது என்றால், அதுவே ஒரு நோய் அறிகுறி.

இன்னொரு வகைச் சோர்வும் உண்டு. வருடக்கணக்கில் குத்திப் பார்த்து, அளந்து தின்று, யார் வீட்டுக்குப் போனாலும் "உனக்கு காபியில சர்க்கரை வேண்டாம்ல?" என்று நாலு பேர் முன்னால் கேட்டு வாங்கிக்கொள்கிற அலுப்பு. அதை மனச்சோர்வு என்று சொல்ல முடியாது, சர்க்கரைச் சலிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். 1995-இலேயே அமெரிக்காவில் இதை அளக்க இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். இதற்கு மாத்திரை வேண்டாம், மனம்விட்டுப் பேச ஆளும் கொஞ்சம் இலகுவான திட்டமும் போதும். உங்களிடம் இரண்டும் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள் என்கிறேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டால் போதும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது.

செருப்பு

மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். சந்தையில் நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. தெரியாமல் பத்தடி நடந்துவிட்டீர்கள். பின்னால் வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவமானமாக இருந்தது என்று. நான்கு பக்கத்திலும் என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரி அதுதான்.

இவ்வளவு வலிக்கிற காலில் உணர்ச்சி நன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எரிச்சலும் மரத்துப்போவதும் ஒரே பாதத்தில், ஒரே நேரத்தில் இருக்கும். தானாகக் கத்துகிற நரம்பு, முள் குத்தினால் சொல்லாது. உங்கள் அம்மாவுக்கு நடந்ததை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் காலை எடுத்தது வலியால் அல்ல. முள் குத்தியது தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலி கால் போவதற்கான முன்னறிவிப்பு இல்லை அம்மா. கவனிக்காமல் விட்ட புண்தான் காலைக் கொண்டுபோகிறது, புண்ணைக் கவனிக்க முடியும். அம்மாவின் காலத்தில் இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன், அந்த ஒரு வித்தியாசம் போதும்.

வெந்நீரில் ஊறவைப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் பாதத்துக்கு இதமாகத் தெரிகிற சூடு தோலைக் கொப்பளிக்க வைக்கும் சூடாக இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. வெந்நீர்ப் பையும் வேண்டாம், ஐஸ்கட்டியும் வேண்டாம். குளிக்கிற தண்ணீரின் சூட்டைக் கால் வைத்துப் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். ராத்திரி எரிந்தால் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி, பிறகு விரலிடுக்குவரை துடைத்துவிடுங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். காய்த்த தோலை பிளேடால் சீவாதீர்கள். செருப்பு, பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மிருதுவான நுண்துளை ரப்பர்) செருப்பாக இருக்கட்டும். போடுமுன் கையை உள்ளே விட்டு ஒரு தடவு தடவுங்கள், கல்லோ ஆணியோ கைக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் செருப்பு. கோயிலுக்குப் போங்கள், ஆனால் உச்சி வெயிலில் பிரகாரக் கல்லில் கால் வைக்காதீர்கள். காலையில் ஆறு மணிக்கு அம்பாள் இன்னும் நிதானமாகக் காட்சி தருவாள்.

தினமும் ஒரு தடவை பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதற்கு உங்கள் கணவர் வேண்டும். அடுத்த பத்தியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, "கால் பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று நீங்கள் சொல்வதாக அம்மா எழுதியிருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நரம்பு வலி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புண், கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியும், அவற்றைப் பார்க்க அம்மாவால் குனிய முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இரண்டு நிமிடம், டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரலிடுக்குவரை பாருங்கள். சிறு கீறல் ஆறாமல் இருந்தாலும், ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும், வலி இல்லை என்றாலும்கூட, மறுநாள் என்று தள்ளாமல் கூட்டிக்கொண்டு போங்கள். "வலிக்குதா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் திங்கட்கிழமையிலிருந்து செய்யப்போகிறேன் என்று கிளம்பாதீர்கள். சோர்ந்த மனம் பெரிய திட்டத்தைப் பார்த்தாலே படுத்துவிடும். முதல் வாரம் இரண்டே வேலை: மருத்துவரைப் பார்ப்பது, ராத்திரி பாதம் பார்ப்பது. அடுத்த வாரம் ஒரு பழைய நோட்டை எடுங்கள். இருப்புப் பதிவேடு எழுதத் தெரிந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி, பத்துக்கு எத்தனை வலி, எத்தனை மணி நேரத் தூக்கம், அன்று நடந்தது என்ன என்று நான்கு கட்டம். ஒரு மாதம் எழுதினால், எந்த நாளில் வலி கூடுகிறது என்பது உங்களுக்கே பிடிபடும்.

அந்த நோட்டில் பெரும்பாலும் ஒன்று தெரியவரும். வலி குறைந்த நாளில் விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்வீர்கள். அடுத்த இரண்டு நாள் எழ முடியாது. "வேலை செய்தாலே வலி" என்று மனம் முடிவு கட்டிவிடும். நல்ல நாளிலும் பத்து நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் உட்காருங்கள், மோசமான நாளிலும் பத்து நிமிடமாவது எழுந்து நடங்கள். கோலத்தை ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து புள்ளியில் போடலாம், யாரும் மார்க் போடப் போவதில்லை. படுக்கையில் போர்வை பாதத்தில் படாமலிருக்கக் கால்மாட்டில் இரண்டு பக்கமும் அட்டைப்பெட்டியை வைத்து அதன்மேல் போர்வையை விரித்துப் பாருங்கள். மருத்துவமனையில் இதற்கென்று ஒரு கம்பிக்கூடு உண்டு, வீட்டில் அட்டைப்பெட்டி போதும். தூக்கம் வராமல் அரை மணி நேரமானால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து உட்காருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கொல்லைக்குப் போகாமல் கூடத்தில் உட்காருங்கள்.

சர்க்கரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு ரோஷத்தில் சோற்றை அடியோடு நிறுத்தி, 10.2-ஐ இரண்டு மாதத்தில் 7-க்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். நெடுநாள் ஏறிக்கிடந்த சர்க்கரை மடமடவென்று இறங்கும்போது, சிலருக்கு நரம்பு வலி புதிதாகக் கிளம்பும், இருப்பது கூடும். கண்ணின் விழித்திரைக்கும் அந்த வேகம் ஆகாது. எவ்வளவு வேகத்தில் இறக்குவது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். இன்சுலின் வேண்டும் என்றால் அதுவும் தண்டனை இல்லை.

மருத்துவரிடம் போகும்போது நான்கு விஷயம் கேட்டு வாருங்கள். பாத உணர்ச்சியை மெல்லிய நைலான் இழையாலும் அதிர்வுக் கருவியாலும் சோதித்தார்களா. பி12-உம் சிறுநீரகமும் எப்படி. டுலோக்சிடினை மறுபடி எந்த அளவில் தொடங்கலாம். மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் தருவாரா. அலமாரியில் இருக்கும் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். "ஒழுங்கா சாப்பிட்டேன், கேட்கலை" என்று சொல்லிவிடாதீர்கள்; அதை நம்பி அவர் அளவைக் கூட்டிவிடுவார். "ஆறுதான் சாப்பிட்டேன், பயந்து நிறுத்திட்டேன்" என்று சொல்லுங்கள். எங்களுக்கு அது புதிதல்ல. எங்கள் மேஜைக்கு வருகிற அட்டைகளில் பல அப்படிப் பாதியில் நின்றவைதான்.